மரக் கயாக்கில் ஃபிஷ் ஃபைண்டர்: துளைக்கருவியை எடுப்பதற்கு முன்

கேள்வி சியாட்டிலிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் குளிர்காலம் முழுவதும் கராஜில் உழைத்து, பாகங்களாக வரும் கிட் ஒன்றிலிருந்து 17 அடி நீளக் கடல் கயாக்கை, அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான படகை, கட்டி முடித்திருக்கிறார். ஒகூமே என்ற எடை குறைந்த மரத்தின் 4 மி.மீ. பிளைவுட், உள்ளும் வெளியும் எபாக்ஸி என்ற இறுகும் பிசினில் ஊறிய கண்ணாடியிழைத் துணி, அதன்மேல் வார்னிஷ். லேக் வாஷிங்டன் ஏரியிலும் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் நீர்ப்பரப்பிலும் மீன் பிடிக்க அதில் ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் என்ற பகுதியும் ஒரு திரையும் கொண்ட, ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் கயாக் வைத்திருக்கும் நண்பர்கள், "டிரான்ஸ்டியூசரைப் படகின் உட்பக்கம் அடியில் ஒட்டிவிடு, அது தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்களாம். மரத்தில் அது நடக்குமா, துளையே போடாமல் முடியுமா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிளைவுட் படகில் நடக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் தண்ணீரில் வைத்துச் சோதித்துப் பார்க்கும்வரை எதையும் ஒட்டாதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளைகூட வேண்டாம். மேல்தளத்திலும் துளை இல்லாமலே வேலையை முடிக்கலாம். போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், மரக் கயாக்கின் ஆயுள் முழுவதும் அந்த எபாக்ஸி உறையை நம்பித்தான் இருக்கிறது. கருவி பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உறைக்குள் தண்ணீர் புகுந்தால் உங்கள் ஒரு குளிர்கால உழைப்பு போய்விடும்.

மரம் ஏன் தொல்லை கொடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் படிகம் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியை மறுபடி மின்சாரமாக்குகிறது. நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. 37 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்த ஒலி காற்றைச் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். பெரும்பாலான மீன்கள் திரையில் தெரிவதே அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால்தான். பியூஜெட் சவுண்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ராக்ஃபிஷுக்குக் காற்றுப்பை உண்டு, பளிச்சென்று தெரியும். லிங்காடுக்குக் காற்றுப்பை கிடையாது. ஒரு கை நீளமுள்ள மீன் பாறையோடு பாறையாகப் படுத்துக்கிடந்தாலும் திரையில் மங்கலாகத்தான் விழும், பல நேரம் விழவே விழாது.

மீனைக் காட்டிக்கொடுக்கும் அதே காற்றுதான் மரத்துக்குள்ளும் இருக்கிறது. மரத்தின் நுண்ணறைகள் காற்று நிறைந்தவை. மரம் எடை குறைவாக இருக்கக் காரணமும் அதுவே. நண்பர்களின் பாலிஎத்திலீன் கயாக்கில் அடித்தட்டு முழுவதும் திடமான பிளாஸ்டிக். ஒலி தடையில்லாமல் போகும். திடமான ஃபைபர்கிளாஸ் படகும் அப்படித்தான். உங்கள் படகில் துணிக்கும் துணிக்கும் நடுவே ஒகூமே இருக்கிறது. எபாக்ஸி மரத்தின் மேற்புறத்தில் கொஞ்சம் ஊறுமே தவிர, அதன் நடுப்பகுதி வரை போவதில்லை. அதனால் ஒலி போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை வரி கட்ட வேண்டியிருக்கிறது. 4 மி.மீ. பிளைவுட்டில் இந்த இழப்பைப் பல நேரம் தாங்கிக்கொள்ளலாம். 6 மி.மீ. செடார் கீற்றுகளால் கட்டிய கயாக்காக இருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கை தரமாட்டேன். மேற்கத்திய சிவப்பு செடார் ஒகூமேயைவிடவும் எடை குறைந்த மரம், தடிமனும் கூடுதல்.

அலைவரிசையும் முக்கியம். சாதாரண ஃபிஷ் ஃபைண்டர்கள் 200 கிலோஹெர்ட்ஸிலும் 83 கிலோஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. புகைப்படம் போலத் தெளிவாகக் காட்டும் டவுன் இமேஜிங், சைடு இமேஜிங் வசதிகளுக்கு 455, 800 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். அலைவரிசை கூடக் கூட இடையில் இருக்கும் பொருள் ஒலியை அதிகமாக விழுங்கும். அந்த இமேஜிங் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு டிரான்ஸ்டியூசரை மரத்துக்குப் பின்னால் வைப்பது வீண்செலவு. பக்கவாட்டில் பார்க்கும் சைடு இமேஜிங்குக்கு டிரான்ஸ்டியூசர் நேரடியாகத் தண்ணீரில் இருந்தே ஆக வேண்டும். உள்ளிருந்து பார்ப்பதென்றால் எளிய 200 கிலோஹெர்ட்ஸ் கருவியே போதும். உங்கள் நீர்நிலைகளுக்கு அது தாராளம். லேக் வாஷிங்டனின் மிகப்பெரிய ஆழமே சுமார் 65 மீட்டர்தான். பியூஜெட் சவுண்ட் அதைவிடப் பல மடங்கு ஆழமானது. ஆனால் ராக்ஃபிஷைக் காப்பாற்றுவதற்காக வாஷிங்டன் மாநில மீன்வளத் துறை 2010-ல் கொண்டுவந்த விதிப்படி, அங்கே 120 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் அடிமட்ட மீன்களைப் பிடிக்கக் கூடாது. 120 அடி என்றால் ஏறக்குறைய 37 மீட்டர். இந்த விதிகள் பகுதிக்குப் பகுதி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்புவதற்கு முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். லிங்காடைத் தேடிப் போகிறவருக்கு ஆழத்தைச் சரியாகக் காட்டும் கருவி, மீனைக் காட்டுவதைவிட முதலில் சட்டத்துக்குள் நிறுத்தி வைக்கும் கருவி.

ஆகவே சோதனைக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது: 40 மீட்டர் ஆழத்தில் அடித்தளத்தை விடாமல் பிடிக்க வேண்டும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். காற்றில்லாத ஒரு நாளில், துணைக்கு இன்னொரு படகோடு ஏரிக்குப் போங்கள். டிரான்ஸ்டியூசரை ஒரு குச்சியில் கட்டிப் படகின் பக்கவாட்டில் நேரடியாகத் தண்ணீருக்குள் விடுங்கள். 5 மீட்டர், 15 மீட்டர், 40 மீட்டர் ஆழங்களில் திரை என்ன காட்டுகிறது, சென்சிட்டிவிட்டி (மங்கலான எதிரொலியையும் பிடிக்க ஏற்றி இறக்கும் அமைப்பு) எத்தனையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, தடித்த பிளாஸ்டிக் பையில் தண்ணீரை நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் மூழ்கவைத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். படகின் உள் அடியை நன்றாக நனைத்து, அந்த ஈரத்தின்மேல் பையை அழுத்தி வையுங்கள். பைக்கும் மரத்துக்கும் இடையில் சிறு காற்றுக்குமிழி மாட்டினாலும் சோதனை பொய்யாகிவிடும். கையால் தடவித் தடவி வெளியேற்றுங்கள். அதே இடங்களில் மறுபடி பாருங்கள். ஆழ எண் மட்டும் சரியாக வந்தால் போதாது. அடித்தளத்தின் கோடு தடிமனாக, தொடர்ச்சியாக இருக்கிறதா? சென்சிட்டிவிட்டியை எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது? நீர்நடுவில் முன்பு தெரிந்த மீன்கள் இப்போதும் தெரிகின்றனவா? ஆழ எண் வந்து மீன் மட்டும் காணாமல் போகிறது என்றால், உங்களிடம் இருப்பது ஆழமானி, ஃபிஷ் ஃபைண்டர் இல்லை. சிலருக்கு அதுவே போதும். உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையை ஓரிடத்திலேயே வைத்துச் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். இருக்கைக்குப் பின்னால், பின்தடுப்புச் சுவருக்கு முன்னால் இருக்கும் ஒரு சாண் இடத்தில்தான் நான் வைக்கச் சொல்வேன். முன்பக்கம் கால்கள் ஆடும். பின் அறைக்குள் வைத்தால் கேபிளுக்காகத் தடுப்புச் சுவரைத் துளைக்க வேண்டிவரும். கடல் கயாக்கில் அந்தச் சுவர்கள்தான் படகு கவிழ்ந்தாலும் மிதக்கவைக்கும் காற்றறைகளைக் காக்கின்றன. ஒரு கேபிளுக்காக அதில் ஓட்டை போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உங்கள் படகின் அடி சற்று 'வி' வடிவில் இருக்கும். பலகையின் சாய்வோடு டிரான்ஸ்டியூசரைச் சாய்த்து வைத்தால் ஒலி பக்கவாட்டில் போய், ஆழம் தவறாகக் காட்டும். அதன் முகம் நேர் கீழே பார்க்க வேண்டும். நடுக்கோட்டில் உள்பக்கம் பூசிய எபாக்ஸிக் கலவை தடிமனாக இருக்கும்; மாவு கலந்து குழைத்த அந்தக் கலவையில் குமிழிகளும் அதிகம். அதைத் தவிர்த்து, நடுக்கோட்டை ஒட்டிய தட்டையான இடத்தைத் தேடுங்கள்.

சோதனையில் தேறிவிட்டால், பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது எபாக்ஸியை ஊற்றி டிரான்ஸ்டியூசரை நிரந்தரமாகப் பதித்துவிடுவது. நல்ல தொடர்பு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒருவழிப்பாதை. கருவி மாறினால் உளி வைத்துப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் உள் துணியும் சேர்ந்து வரும். அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி. மூடிய நுண்ணறைகள் கொண்ட, அதாவது தண்ணீரை உறிஞ்சாத வகை நுரைப்பலகையை 4 செ.மீ. உயரத்துக்கு எடுத்து, டிரான்ஸ்டியூசர் அமரும் அளவுக்கு நடுவில் வெட்டி, வளையம் போல ஆக்கிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைப் படகின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தி, நீருக்குத் தாங்கும் பசையால் ஒட்டுங்கள். டிரான்ஸ்டியூசர் அதற்குள் இறுக்கமாக, முகம் கீழ்நோக்கி, அதன்மேல் அம்புக்குறி இருந்தால் அது படகின் முன்முனையைப் பார்க்கும்படி உட்கார வேண்டும். கிளம்பும்போது ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும், திரும்பியதும் கொட்டிவிடலாம். டிரான்ஸ்டியூசரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாம். தண்ணீர் ஊற்றியபின் டிரான்ஸ்டியூசரை ஒருமுறை தூக்கிச் சாய்த்து, முகத்தில் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் தட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: கருவி காட்டும் வெப்பநிலை தொட்டித் தண்ணீரின் வெப்பநிலை, ஏரியினுடையது அல்ல.

எதை ஒட்டுவதானாலும் முன்தயாரிப்பு ஒன்றே. சில எபாக்ஸிகள் இறுகும்போது மேற்பரப்பில் மெழுகுத்தன்மையுள்ள ஒரு படலம் படியும். அதன்மேல் எதுவும் ஒட்டாது. சாதாரணத் தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவினால் போய்விடும். கழுவி, உலர்த்தி, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். வரிசை மாறினால் படலத்தை உப்புத்தாளே பள்ளங்களுக்குள் திணித்துவிடும். தேய்க்கும்போது எபாக்ஸி மட்டும் மங்கலாக வேண்டும். துணியின் இழைகள் வெட்டுப்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

சோதனையில் தேறாவிட்டால்? அடிமரத்தை வட்டமாகக் குடைந்தெடுத்து, அந்த இடத்தில் திடமான கண்ணாடியிழைத் துணிகளை அடுக்கி ஒலிக்கு ஒரு சன்னல் வைப்பது உண்டு. நடுவில் நுரையோ பால்சா மரமோ வைத்துக் கட்டிய பெரிய ஃபைபர்கிளாஸ் படகுகளில் இது வழக்கமான முறை: உட்தோலையும் நடுப்பொருளையும் நீக்கி, வெளித்தோலின்மேல் டிரான்ஸ்டியூசரை ஒட்டுவார்கள். ஆனால் அந்தப் படகுகளின் வெளித்தோல் தடிமனானது. உங்கள் கயாக்கின் வெளித்துணி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி ஓர் அடுக்குக்குச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் தரும். 3 மி.மீ. வர 12 அடுக்காவது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்துக் குமிழி கட்டும். குமிழி வந்தால் இவ்வளவு பாடும் வீண். விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி, புதிய துணி பழைய உட்துணியின்மேல் ஏறிப் படரும்படி செய்யாவிட்டால் அந்த வட்டமே படகின் பலவீனமான இடமாகிவிடும், கூழாங்கல் கரையில் இறங்கும்போது முதலில் அடிபடுவதும் அதுதான். படகு கட்டுவதில் நல்ல பழக்கம் உள்ளவர் செடார் கயாக்கில் தெரிந்தே செய்தால் செய்யட்டும். முதல் படகைக் கட்டியவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குச் சொல்வது பக்கக் கை. ஒரு பலகையை மேல்தளத்தின் குறுக்கே, ஏற்கெனவே இருக்கும் எலாஸ்டிக் கயிறுகளுக்கும் தளக் கயிறுகளுக்கும் கட்டிவிடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து ஒரு கை கீழே இறங்கட்டும். அதன் நுனியில் டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே நான்கு விரல் ஆழத்தில் இருக்கட்டும். படகின் உடல் ஒலிக்கூம்புக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு ஏறக்குறைய 20 டிகிரி. 10 மீட்டர் ஆழத்தில் அது மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கிறது. கை இடுப்புக்குப் பின்னால் இருந்தால் துடுப்பில் அடிபடாது. பாறையில் மோதினால் பின்னோக்கி மடங்கும்படி ஒரே ஓர் ஆணியில் சுழலவிடுங்கள். இழுவை கொஞ்சம் இருக்கும், கரையேறும்போது தூக்கிவிட நினைவு வேண்டும். அதற்கு ஈடாக, கருவி தரக்கூடிய முழுப் படத்தையும் பெறுவீர்கள். வெப்பநிலையும் சரியாக வரும். இமேஜிங் கருவி ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சோதனைகூட வேண்டாம், நேராக இதற்கே போங்கள். தண்ணீரில் மிதந்தபடி வைஃபை மூலம் செல்பேசிக்குப் படம் அனுப்பும் டீப்பர் போன்ற பந்துக் கருவிகளும் உண்டு. படகில் எதையும் பொருத்த வேண்டியதில்லை என்பது நல்லதுதான்; ஈரக்கையோடு செல்பேசித் திரையைத் தொட்டு வேலை வாங்குவது எனக்குச் சரிப்படவில்லை.

திரையையும் அதே குறுக்குப் பலகையிலோ முன்தளத்தில் கட்டிய இன்னொரு சிறு பலகையிலோ ஏற்றிவிடலாம். பலகையின் அடியில் மெல்லிய நுரை ஒட்டினால் வார்னிஷ் கீறாது. தண்ணீரில் விழுந்து மறுபடி படகில் ஏறுகிற இடத்தில் திரை துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கவிழ்ந்தால் தொலையாமல் இருக்க ஒரு கயிறும் வேண்டும். தளத்தில் திசைகாட்டி இருந்தால் திரையைப் பக்கத்தில் வைத்தும் எடுத்தும் முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மேல்தளத்தில் ஒரு திருகாவது போட்டே தீருவேன் என்றால். மரத்தில் துளை போட்டு, திருகைச் சுற்றிக் கொஞ்சம் சீலன்ட் (நீர் கசியாமல் அடைக்கும் பசை) தடவி முறுக்கிவிடுவதுதான் பரவலான பழக்கம். அந்தத் துளையின் உள்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். பிளைவுட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் மர நாளங்கள் குறுக்கே வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். அவை உறிஞ்சுகுழல்கள் மாதிரி வேலை செய்யும். வெயிலிலும் குளிரிலும் மரம் விரிந்து சுருங்க, சீலன்ட் ஒரு பக்கம் விடும். தண்ணீர் நாளங்கள் வழியாக நீளவாக்கில் ஓடும். முதலில் திருகைச் சுற்றி ஒரு கருநிறக் கீற்று தெரியும். பிறகு துணி மரத்தைவிட்டு எழும்பி, அடியில் வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் பயனில்லை. அந்தப் பகுதியைச் சுரண்டி, உலர்த்தி, புதிதாகத் துணி போட வேண்டியதுதான்.

அதனால் 4 மி.மீ. திருகு வேண்டுமென்றால் முதலில் 10 மி.மீ. துளை போடுங்கள். அடியில் டேப்பை ஒட்டி மூடுங்கள். மாவு கலக்காத எபாக்ஸியைச் சிறு தூரிகையால் துளையின் சுவரில் தடவி, சில நிமிடங்கள் விட்டு மறுபடி தடவுங்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிட்டிருக்கும். பிறகு சிலிக்கா மாவு கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் துளையை நிரப்புங்கள். முழுதாக இறுகியபின் அதன் நடுவில் 4 மி.மீ. துளை. இப்போது திருகு எபாக்ஸிக்குள் மட்டும்தான் போகிறது. மரத்தைத் தொடவே இல்லை. கீழே ஒரு பிளைவுட் துண்டை எபாக்ஸியால் ஒட்டி வைத்தால் மெல்லிய தளம் இழுவையைத் தாங்கும். கேபிளுக்கான துளைக்கும் இதே முறைதான். கூடுதலாக, நீர் புகாத கேபிள் கிளாண்ட், அதாவது கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மூடி, வேண்டும். டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டிச் சுருக்காதீர்கள். மீதியை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள்.

பேட்டரியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது; பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுமார் ஒரு கிலோதான். ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். அரை ஆம்பியர் எடுக்கும் சிறு திரைக்கு ஒரு நாளுக்கு அது மிகையே. வேறு வகை லித்தியம் பேட்டரிகளில் சில முழு சார்ஜில் 16 வோல்ட்டைத் தாண்டும். உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நேர்முனைக்கு அருகிலேயே, கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் போடுங்கள். நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, இருக்கைக்குப் பின்னால் நடுக்கோட்டில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். சார்ஜ் செய்யும்போது பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆபத்து.

பியூஜெட் சவுண்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இணைப்பு முனைகளை நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, மின்கடத்தாத கிரீஸ் தடவி வையுங்கள். நுரைத் தொட்டியில் உப்புத் தண்ணீரைத் தங்கவிடாதீர்கள். படகைக் கவிழ்த்து வைக்கும்போது தொட்டியின் ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா, அடியில் உள்துணி எங்காவது வெளுத்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். வெளுப்பு தெரிந்தால் அந்தப் பருவம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே தொட்டியைப் பெயர்த்து, மரத்தை உலரவிடுங்கள்.